நின்றுபோன வட்டு என்ன சொல்கிறது?

லாஸ் ஏஞ்சலஸ் என்றதும் கார்களும் எட்டு வழிச் சாலைகளும் நினைவுக்கு வரும். நூறு ஆண்டுகளுக்கு முன்பு அந்த ஊர் மின்சார வண்டிகளின் ஊராக இருந்தது. டிராலி என்று அமெரிக்கர்கள் சொல்லும் அந்த வண்டிகளை ஓட்டிய நிறுவனங்களில் பெரியது பசிபிக் எலெக்ட்ரிக். ஹென்றி ஹண்டிங்டன் 1901-இல் தொடங்கியது. 1920-களில் அதன் தண்டவாளங்களை மொத்தமாக அளந்தால் ஆயிரம் மைலைத் தாண்டும். லாங் பீச், சான் பெட்ரோ, சான்டா அனா என்று கடற்கரை வரையும் ஆரஞ்சுத் தோப்புகள் வரையும் சிவப்பு வண்டிகள் போய்வந்தன.

பெயர்தான் டிராலி. ஊர் எல்லையைத் தாண்டித் தனிப் பாதைக்கு வந்துவிட்டால் அவை ரயில் வேகத்தில் ஓடின. நீராவி எஞ்சினாக இருந்தால் தூரத்திலேயே புகை தெரியும், இரைச்சல் கேட்கும். மின்சார வண்டிக்கு அந்த இரண்டும் இல்லை. லாஸ் ஏஞ்சலஸிலிருந்து வாட்ஸ் வரை பக்கம் பக்கமாக நான்கு தண்டவாளங்கள் ஓடின. ஒரு வண்டி கடந்துவிட்டது என்று நம்பிக் குறுக்கே இறங்கியவர், அதன் மறைவில் எதிர்த்திசையிலிருந்து வந்த அடுத்த வண்டியில் மாட்டிக்கொள்வதற்கு எல்லா வாய்ப்பும் இருந்தது. 1908-இல் ஃபோர்டின் மாடல் டி கார் வந்தபின் ஆபத்து இன்னும் கூடியது. குதிரையாவது அதிர்வை உணர்ந்து மிரண்டு நிற்கும். காருக்கு ஓட்டுபவரின் கண்ணும் காதும் மட்டுமே துணை.

பரபரப்பான லெவல் கிராசிங்குகளில் கொடிக்காரர் ஒருவரை நிறுத்தியிருந்தார்கள். பகலில் கொடி, இரவில் சிவப்பு லாந்தர். வண்டி வரும்போது சாலை நடுவில் போய் நின்று, லாந்தரை இடமும் வலமுமாக வீசுவார். ரயில்வே ஊழியர்களுக்குள் அந்த வீச்சுக்கு 'நில்' என்று பொருள். பார்த்துப் பார்த்துச் சாலையில் போகிறவர்களுக்கும் அது பழகிவிட்டது. ஆனால் ஒரு கிராசிங்கை இரவும் பகலும் காக்க ஓர் ஆள் போதாது. சாலைகள் பெருகப் பெருக எல்லா இடத்திலும் ஆள் போட எந்த நிறுவனத்துக்கும் கட்டுப்படியாகாது. மற்ற இடங்களில் பெருக்கல்குறி போட்ட மரப்பலகை ஒன்று நின்றது. ரயில் வந்தாலும் வராவிட்டாலும் அந்தப் பலகை ஒன்றையேதான் சொல்லிக்கொண்டிருந்தது.

பசிபிக் எலெக்ட்ரிக்கில் மெக்கானிகல் என்ஜினியராக இருந்த ஆல்பர்ட் ஹன்ட் 1909-இல் இதற்கு ஒரு வழி கண்டார். கொடிக்காரரின் கைவீச்சையே ஓர் இயந்திரத்தைக் கொண்டு செய்ய வைத்தார். முதலில் பல்சக்கரங்கள் வைத்து ஆட்டிப் பார்த்தார்கள். அது ஓயாமல் தொல்லை கொடுத்தது. தேறிவந்த வடிவம் 1914-இல் லாங் பீச் அருகே, வண்டிகள் ஓயாத ஒரு கிராசிங்கில் நிறுத்தப்பட்டது. லாஸ் ஏஞ்சலஸின் மேக்னெட்டிக் சிக்னல் கம்பெனி அதை 'மேக்னெட்டிக் ஃபிளாக்மேன்' என்ற பெயரில் தயாரித்து விற்றது. ஜனங்கள் வாயில் அது 'விக்வாக்'.

அதன் உள்ளே இருப்பது அதிகமில்லை. கம்பத்தின் மேல் ஓர் இரும்புப் பெட்டி, அதற்குள் எதிரெதிராக இரண்டு மின்காந்தச் சுருள்கள். இரண்டுக்கும் நடுவே அச்சில் தொங்கும் ஓர் இரும்புத் துண்டு, அதிலிருந்து நீளும் தண்டு, தண்டின் நுனியில் இரண்டடிக்குச் சற்றுக் குறைவான விட்டமுள்ள சிவப்பு எஃகு வட்டு. வட்டின் நடுவில் ஒரு சிவப்பு விளக்கு. மின்சாரம் வந்ததும் ஒரு சுருள் இரும்பை இழுக்கும், வட்டு அந்தப் பக்கம் எழும். எழுகிற வேகத்திலேயே தொடுமுனை ஒன்று பிரிந்து அந்தச் சுருளின் மின்சாரத்தை அறுக்கும். இன்னொரு தொடுமுனை சேர்ந்து எதிர்ச் சுருளுக்குக் கொடுக்கும். வட்டு மறுபக்கம் திரும்பும். கடிகாரப் பெண்டுலம் போல, எடையும் காந்தமும் சேர்ந்து அதை ஆட்டிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு சுத்தியல் மணியில் விழும். மோட்டாரும் இல்லை, தேய்ந்துபோகப் பல்சக்கரமும் இல்லை. டிராலி பாதைகளில் தலைக்கு மேல் ஓடிய 600 வோல்ட் கம்பியிலிருந்தே இதற்கு மின்சாரம் எடுத்தார்கள். நீராவி ரயில் பாதைகளில் பேட்டரியில் ஓடும் வகை இருந்தது.

ஹன்ட்டின் இந்த யோசனையை நான் பெரிதாக நினைப்பதற்குக் காரணம் உண்டு. புதிதாக ஓர் எச்சரிக்கை முறையைக் கொண்டுவருபவர், முதலில் லட்சக்கணக்கானவர்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்தாக வேண்டும். கற்றுக்கொள்ளும் காலத்தில் உயிர்கள் போகும். ஹன்ட்டுக்கு அந்த வேலையே இல்லாமல் போயிற்று. ஊருக்குத் தெரிந்த சைகையைத்தான் அவர் எடுத்துக்கொண்டார். அசையாத சிவப்புப் பலகையைப் பார்க்க அதை நேராகப் பார்த்தாக வேண்டும். அசைவது ஓரக்கண்ணிலேயே தட்டுப்படும். 1920-களில் கண்ணாடி மூடிய கார்கள் பெருகி, மணிச்சத்தம் உள்ளே எட்டாமல் போனபோது இந்த அசைவு இன்னும் முக்கியமாயிற்று. கலிஃபோர்னியாவைத் தாண்டி மற்ற மாநிலங்களின் ரயில்வேக்களும் இதை வாங்கின. கடல் கடந்து ஆஸ்திரேலியாவிலும் ஆடியது.

கை இருந்தால் போதுமா? வண்டி வருகிறது என்று அந்தக் கைக்கு யார் சொல்வது?

அந்தக் கேள்விக்கு விடை முன்பே இருந்தது. வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர் 1872-இல் காப்புரிமை பெற்ற 'டிராக் சர்க்யூட்' அது. தண்டவாளத்தின் ஒரு துண்டை மற்றவற்றிலிருந்து மின்காப்பு வைத்துப் பிரித்துவிட வேண்டும். அதன் ஒரு கோடியில் பேட்டரி, மறு கோடியில் ரிலே, அதாவது மின்சாரம் தூக்கிப் பிடிக்கும் ஒரு சுவிட்ச். பேட்டரியின் மின்சாரம் ஒரு தண்டவாளம் வழியாகப் போய், ரிலேயைத் தூக்கிப் பிடித்துவிட்டு, மறு தண்டவாளம் வழியாகத் திரும்பும். ரயில் அந்தத் துண்டுக்குள் வந்ததும் அதன் சக்கரமும் அச்சும் இரண்டு தண்டவாளங்களையும் இணைத்துவிடும். மின்சாரம் அந்தக் குறுக்கு வழியில் போய்விட, ரிலே கீழே விழும். விழுந்த ரிலே, சிக்னலை இயக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது, ரயில் இல்லாதபோதுதான் மின்சாரம் ரிலேக்குப் போகிறது. பேட்டரி செத்தாலும், கம்பி அறுந்தாலும், தண்டவாளம் முறிந்தாலும் ரிலே விழும். அதாவது கோளாறு எதுவானாலும் 'ஆபத்து' என்றே சொல்லும். இதற்கு முன்பு வந்த ஏற்பாடுகளில் ரயில் ஒரு நெம்புகோலை மிதித்தால்தான் சேதி போகும். நெம்புகோல் கெட்டுப்போனால் சேதி கிடையாது, சேதி இல்லாததை 'பாதை காலி' என்று படித்துவிடுவார்கள். ரயில்வே பாதுகாப்பில் ராபின்சனின் இந்தத் தலைகீழ் யோசனைக்கு ஈடாக இன்னொன்றைச் சொல்வது கடினம்.

டிராலி பாதையில் இதற்கும் ஒரு சிக்கல் வந்தது. மேலே கம்பியில் வரும் மின்சாரம் மோட்டாரை ஓட்டிவிட்டுத் திரும்பிப் போவது தண்டவாளம் வழியாகத்தான். நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஓடும் இரும்பில், சின்ன பேட்டரியின் மின்சாரத்தைத் தனியாக அடையாளம் காண முடியுமா? சில இடங்களில் மேல் கம்பியில் ஒரு தொடுவிசையைப் பொருத்தி, வண்டிக் கூரையிலிருந்து கம்பியைத் தொட்டு ஓடும் டிராலிச் சக்கரம் அதைத் தட்டிவிட்டுப் போகும்படி செய்தார்கள். அதற்கு நெம்புகோலின் அதே பலவீனம் உண்டு. நல்ல தீர்வு கலிஃபோர்னியாவிலேயே பிறந்தது: 1903-இல் நார்த் ஷோர் ரயில்வேயில், மோட்டாருக்கு நேர்மின்னோட்டம், சிக்னலுக்கு மாறுமின்னோட்டம் என்று பிரித்தார்கள். மாறுமின்னோட்டத்துக்கு மட்டுமே அசையும் ரிலேயை வைத்ததால், அதே இரும்பில் இரண்டும் ஒன்றையொன்று குழப்பாமல் ஓடின.

ஆக, தண்டவாளப் பக்கத்தில் கோளாறு என்றால் எச்சரிக்கை தானாக வரும். சாலைப் பக்கத்திலோ கதை வேறு. விக்வாக் ஆடுவதற்கு மின்சாரம் வேண்டும். சுருள் எரிந்துபோனால், தொடுமுனையில் துரு ஏறினால், மின்சாரம் நின்றுபோனால் வட்டு சும்மா தொங்கும். வண்டி வராதபோதும் அது சும்மாதான் தொங்கும். காரில் வருபவர் அதை நிமிர்ந்து பார்க்கிறார்: அசையவில்லை. வண்டி வரவில்லையா, இயந்திரம் செத்துவிட்டதா? பார்த்துச் சொல்ல வழியே கிடையாது. கொடிக்காரர் மயங்கி விழுந்து கிடந்தால் பார்ப்பவருக்காவது தெரியும். அவருடைய சைகையைக் கடன் வாங்கிய இயந்திரத்துக்கு அந்தப் பாதுகாப்பு வாய்க்கவில்லை. என்னைக் கேட்டால், விக்வாக்கின் மற்ற குறைகளெல்லாம் சேர்ந்தாலும் இந்த ஒன்றுக்கு ஈடாகாது.

செய்தவர்களுக்கும் இது தெரிந்தே இருந்தது. மின்சாரம் நின்றால் 'பழுது' என்று எழுதிய பலகை வெளியே விழும்படி சில மாடல்களில் அமைத்தார்கள். வேறொரு வகையில், வண்டி இல்லாத நேரத்தில் வட்டை மின்சாரம்தான் மறைவுத் தட்டிக்குப் பின்னால் இழுத்துப் பிடித்திருக்கும். மின்சாரம் போனால் வட்டு தன் எடையால் வெளியே வந்து தொங்கும். ராபின்சனின் தத்துவத்தை வட்டுக்கே கொண்டுவந்த அழகான வேலை இது. ஆனால் இந்த வகை பரவலாகவில்லை.

இதற்குள் நியூ ஜெர்சிப் பக்கம் வேறு ஒரு வடிவம் தலையெடுத்திருந்தது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிவப்பு விளக்குகள். ஒன்று எரியும்போது மற்றது அணையும். பார்ப்பவர் கண்ணுக்கு ஒரே விளக்கு இடமும் வலமும் போய்வருவதாகத் தோன்றும். கொடிக்காரரின் லாந்தர் வீச்சுதான், வீசும் தண்டு மட்டும் இல்லை. அசையும் பாகம் இல்லாததால் தேய்மானம் குறைவு, காற்றும் பனியும் தடுக்காது, எந்த ரயில்வேயும் எங்கிருந்தும் உதிரி பாகம் வாங்கலாம். 1949-க்குப் பிறகு அமெரிக்காவில் புதிதாக விக்வாக் நிறுத்துவது நின்றுபோனது. ஏற்கெனவே இருந்தவை, அந்தந்தக் கிராசிங்கைப் புதுப்பிக்கும்வரை இருக்கலாம் என்று விட்டார்கள். உதிரி பாகமும் கிடைக்காமல் போனபின், ஒன்றைக் கழற்றி இன்னொன்றைப் பிழைக்கவைத்து ஓட்டினார்கள். கலிஃபோர்னியாவின் பாயின்ட் ரிச்மண்டில் இருந்த இரண்டை எடுக்க ரயில்வே முனைந்தபோது ஊரே எதிர்த்தது. புது விளக்குகள் வந்த பிறகும் அவற்றை இடத்திலேயே விட்டுவைத்திருக்கிறார்கள். பெரிஸ் நகரில் உள்ள ரயில் அருங்காட்சியகத்தில் பசிபிக் எலெக்ட்ரிக் வண்டிகளோடு விக்வாக் ஆடுவதையும் பார்க்கலாம்.

இரட்டை விளக்கிலும் பழைய கேள்வி தீரவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். ரயில் வராததால் அணைந்திருக்கும் விளக்கும் பழுதாகி எரியாத விளக்கும் பார்வைக்கு ஒன்றுதான். பேட்டரி வைத்துச் சமாளிக்கிறார்கள். நிஜமான விடை கேட்தான். தானியங்கி கேட்டின் கட்டையை மேலே நிறுத்திப் பிடித்திருப்பது மின்சாரம். மின்சாரம் போனால் கட்டை தன் எடையால் இறங்கிச் சாலையை மூடும். அங்கே கோளாறும் 'நில்' என்றே சொல்லும்.

இன்னொரு தொல்லையும் இருந்தது. அது பொறுமை சம்பந்தப்பட்டது. வேகமான ரயிலுக்குப் போதுமான நேரம் கிடைக்கும்படி டிராக் சர்க்யூட்டின் நீளத்தை வைப்பார்கள். அமெரிக்க விதிப்படி ரயில் வருவதற்குக் குறைந்தது 20 விநாடி முன்பே எச்சரிக்கை தொடங்க வேண்டும். அதே நீளத்தைச் சரக்கு ரயில் ஊர்ந்து கடந்தால் சில நிமிடங்கள் ஆகிவிடும். மணி அடித்துக்கொண்டே இருக்கும், ரயிலைக் காணோம். இரண்டு முறை இப்படிக் காத்திருந்தவர் மூன்றாம் முறை கேட்டைச் சுற்றிக்கொண்டு போய்விடுவார். இதற்கும் கலிஃபோர்னியாவில்தான் வழி பிறந்தது. பசிபிக் எலெக்ட்ரிக்கின் தாய் நிறுவனமான சதர்ன் பசிபிக்குக்காக ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனம் உருவாக்கிய கருவி, தண்டவாளத்தில் அனுப்பும் மாறுமின்னோட்டத்துக்கு ஏற்படும் தடை ரயில் நெருங்க நெருங்க எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று அளந்து, ரயில் கிராசிங்கை எப்போது தொடும் என்று கணித்துவிடும். வேகமாக வந்தாலும் மெதுவாக வந்தாலும் சாலையில் நிற்பவருக்கு ஏறத்தாழ ஒரே காத்திருப்பு.

லாங் பீச் பாதையில் கடைசி சிவப்பு வண்டி 1961 ஏப்ரலில் ஓடி நின்றது. 1990-இல் அதே தடத்தில் புதிய மின்சார ரயில் வந்தது. முதலில் புளூ லைன், இப்போது ஏ லைன். கிராசிங் விபத்துகளும் திரும்பி வந்தன. சாலையின் பாதியை மட்டும் மூடி இறங்கிய கட்டையைச் சுற்றி வளைந்து போகும் கார்கள்தான் பெரிய தலைவலி. மீறுபவர்களைப் படம்பிடிக்கக் கேமரா வைத்தார்கள். சாலையின் நான்கு பக்கமும் மூடும் கேட்டையும் சோதித்துப் பார்த்தார்கள். நான்கும் மூடினால், ஏற்கெனவே தண்டவாளத்தின் மேல் இருக்கும் கார் எப்படி வெளியேறும்? அதனால் நான்கு கட்டைகளுக்கும் ஒரே விதி கிடையாது. மின்சாரம் போனால், கார் உள்ளே வரும் பக்கத்துக் கட்டை கீழே இறங்க வேண்டும். வெளியே போகும் பக்கத்துக் கட்டை மேலே எழும்பி நிற்க வேண்டும்.