மீனும் பயிரும் இணைந்த பசுமைக்குடில்: அக்குவாபோனிக்ஸ் வேளாண்மையின் வரலாறு (1969–2018)

ஆய்வுச் சுருக்கம்

மீன் வளர்ப்புத் தொட்டியின் கழிவுநீரைக் கொண்டு மண்ணின்றிக் காய்கறி வளர்த்து, பயிரால் தூய்மையுற்ற நீரை மீண்டும் தொட்டிக்கே அனுப்பும் முறை அக்குவாபோனிக்ஸ் எனப்படுகிறது. 1970களில் அமெரிக்காவில் சூழலியல் சோதனையாகத் தொடங்கிய இம்முறை, அடுத்த இருபதாண்டுகளில் பல்கலைக்கழக ஆய்வுகளால் உறுதிபெற்றுப் பின்னர் வணிகப் பசுமைக்குடில்களுக்குள் நுழைந்தது. தொழில்நுட்பம் நிலைபெற்ற பின்னரும் அதனை நம்பிய பண்ணைகள் பல ஏன் நிலைபெறவில்லை என்னும் வினாவை முன்வைத்து, அவ்வரலாற்றின் முதன்மைக் கட்டங்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: அக்குவாபோனிக்ஸ், பசுமைக்குடில், மண்ணில்லா வேளாண்மை, திலேப்பியா, நைட்ரேட்டு, செயின்ட் குரோய்

முன்னுரை

நீர்ப்பற்றாக்குறையும் நிலக்குறைவும் பேசப்படும் இடங்களில் எல்லாம் அக்குவாபோனிக்ஸ் ஒரு தீர்வாக முன்மொழியப்படுகிறது. மீனின் கழிவு பயிருக்கு உரமாகிறது; பயிர் நீரைத் தூய்மையாக்குகிறது; வெளியிலிருந்து எதுவும் வேண்டியதில்லை என்று அது விளக்கப்படுவதும் உண்டு. இவ்விளக்கத்தின் முதலிரு கூறுகள் ஆய்வுகளால் மெய்ப்பிக்கப்பட்டவை. மூன்றாவது கூறு அத்தகையதன்று. அது எங்கிருந்து பிறந்தது, எவ்வாறு வணிகத்துக்குள் வந்தது, அதனால் நேர்ந்த விளைவு யாது என்பனவற்றை அறிய இம்முறையின் வரலாறு துணைபுரிகிறது.

1. தொன்மை பற்றிய கருத்து

அக்குவாபோனிக்ஸ் பற்றிய அறிமுக நூல்கள் பலவும் மெக்சிகோவின் சினாம்பா வயல்களையும் சீனத்தின் நெல்–மீன் வேளாண்மையையும் அதன் முன்னோடிகளாகச் சுட்டுகின்றன. சீனத்தின் செஜியாங் மாகாணத்தைச் சேர்ந்த சிங்தியன் பகுதியில் நெல்வயலில் கெண்டை வளர்க்கும் மரபு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு 2005இல் அதனை உலக வேளாண் மரபுச் சின்னங்களுள் ஒன்றாக ஏற்றது. சினாம்பா என்பது ஏரியின் ஆழமற்ற பகுதியில் கால்வாய்ச் சேற்றை அள்ளி அடுக்கி உருவாக்கிய பாத்தியாகும்.

இவ்விரண்டிலும் நீரும் மீனும் பயிரும் ஓரிடத்தில் அமைகின்றன என்பது உண்மையே. ஆயினும் பயிர் வேரூன்றுவது சேற்றில். ஊட்டத்தின் பெரும்பகுதியைத் தருவதும் சேறே. நீரைக் குழாய்வழி சுழற்றும் தேவையோ, மீன்களை நெருக்கமாக அடைத்து வளர்க்கும் நிலையோ அவற்றில் இல்லை. ஆகவே இவற்றை உறவுடைய மரபுகள் எனலாமேயன்றி நேர்முன்னோடிகள் எனல் பொருந்தாது. அக்குவாபோனிக்ஸின் வேர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆய்வுக்கூடங்களில் உள்ளன.

2. அறிவியல் அடித்தளம்

1860களில் செருமானிய அறிஞர்களான யூலியஸ் சாக்ஸ், வில்லெம் நாப் ஆகியோர் உப்புகள் கரைந்த நீரில் மட்டுமே செடிகளை வளர்த்துக் காட்டினர். 1890இல் உருசிய நுண்ணுயிரியலாளர் செர்கேய் வினோகிராத்ஸ்கி, அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுபவை இருவேறு நுண்ணுயிர்க் கூட்டங்கள் என நிறுவினார். மீன் வெளியேற்றும் அம்மோனியா மீனுக்கே நஞ்சு. நைட்ரேட்டோ பயிர் விரும்பி ஏற்கும் ஊட்டம். இவ்விரு கண்டுபிடிப்புகளையும் இணைத்தால் கிடைப்பதே அக்குவாபோனிக்ஸின் கோட்பாடு. எனினும் அவ்விணைப்பு நிகழ மேலும் எண்பது ஆண்டுகள் ஆயின.

இடைக்காலத்தில் நிகழ்ந்த ஒரு செய்தி இங்குக் கருதத்தக்கது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் வில்லியம் கெரிக்கே 1930களில் மண்ணில்லா வேளாண்மையை வணிக அளவுக்கு உயர்த்த முயன்றார். 1937இல் அதற்கு ஹைட்ரோபோனிக்ஸ் என்னும் பெயரை வழங்கினார். மக்களிடையே பேரார்வம் எழுந்தது. 1938இல் அதே பல்கலைக்கழகத்தின் டென்னிஸ் ஹோக்லண்டும் டேனியல் ஆர்னனும் வெளியிட்ட அறிக்கை, நல்ல மண்ணில் விளைவதைவிட நீரில் விளைச்சல் இயல்பாகவே மிகும் என்பதற்குச் சான்றில்லை எனக் கூறி அவ்வார்வத்தை மட்டுப்படுத்தியது. புதிய முறையின் இயல்தகைமை வேறு, அதன் இலாபம் வேறு என்னும் இப்பாடம் பின்னர் அக்குவாபோனிக்ஸிலும் திரும்ப வந்தது.

3. இலட்சியக் காலம்: புதிய இரசவாதிகள்

1969இல் ஜான் டாட், நான்சி ஜாக் டாட், வில்லியம் மெக்லார்னி ஆகியோர் நியூ ஆல்கெமி நிறுவனத்தைத் தோற்றுவித்தனர். பின்னர் அது மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேப் காட் பகுதியில் நிலைகொண்டது. பெருந்தொழில் வேளாண்மையும் எரிபொருளும் இன்றி ஒரு குடும்பம் தன் உணவை விளைவிக்க இயலுமா என்பதே அவர்களது வினா. 1973இல் நேர்ந்த எண்ணெய் நெருக்கடி அவ்வினாவுக்குப் பொதுமக்கள் கவனத்தைப் பெற்றுத் தந்தது.

1976இல் அவர்கள் 'ஆர்க்' எனப் பெயரிட்ட பசுமைக்குடிலைக் கேப் காட்டில் கட்டினர். அதனுள் ஒளி ஊடுருவும் கண்ணாடியிழை உருளைத் தொட்டிகள் நிறுத்தப்பட்டன. அவற்றில் பாசி வளர்ந்தது. பாசியைத் திலேப்பியா உண்டது. தமிழகத்தில் ஜிலேபிக் கெண்டை என்று மக்கள் அழைக்கும் மீனினமே இது. தொட்டிநீர் பகலில் வெயிலின் வெப்பத்தை ஏற்று இரவில் வெளியிட்டதால், குளிர்நாட்டுப் பசுமைக்குடிலுக்குக் கணப்பாகவும் பயன்பட்டது. மீன்கழிவு கலந்த நீர் காய்கறிப் பாத்திகளுக்குப் பாய்ச்சப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் இதே வகையில் அமைந்த மற்றொரு கட்டடத்தை அந்நாட்டுப் பிரதமர் பியர் ட்ரூடோ திறந்து வைத்தார்.

தீவின் ஆர்க் சில ஆண்டுகளிலேயே தன் நோக்கத்திலிருந்து விலகியது. நியூ ஆல்கெமி நிறுவனமும் 1991இல் மூடப்பட்டது. ஆயினும் கழிவு என்று ஒன்றில்லை, எல்லாம் மற்றொன்றின் உணவே என்னும் அவர்களது கருத்து நிலைத்து நின்றது. தன்னிறைவான சுழற்சி என்ற படிமம் இக்காலகட்டத்தின் கொடையாகும். இங்கு ஒன்று நினைவிற் கொள்ளத்தக்கது: அவர்களது நோக்கம் தன்னுணவே; விற்பனையன்று.

4. ஆய்வுக் காலம்: மணற்பாத்தியும் மிதவையும்

1980களில் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மார்க் மெக்மர்ட்ரி, திலேப்பியாத் தொட்டியின் நீரை மணற்பாத்திகளில் பாய்ச்சித் தக்காளி, வெள்ளரி முதலியவற்றை விளைவித்தார். மணலே வடிகட்டியாகவும் நுண்ணுயிர்களின் உறைவிடமாகவும் அமைந்தது. 1990களில் மிசௌரி மாநிலத்தின் சிறுபண்ணை ஒன்று மணலுக்கு மாற்றாகச் சரளைக்கல்லைப் பயன்படுத்தி, அம்முறையை வீட்டளவில் எளிதாக்கிப் பரப்பியது.

இவற்றினும் விரிவான ஆய்வு கரிபியன் கடலின் செயின்ட் குரோய் தீவில் நடைபெற்றது. நன்னீர் அரிதான அத்தீவில் மழைநீரைச் சேமித்தே வாழ்க்கை நடைபெறுகிறது. அங்குள்ள வர்ஜின் தீவுகள் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ரகோசி தம் குழுவினருடன் 1980 முதல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஒரே அமைப்பைத் திருத்தித் திருத்தி ஓட்டினார். அதன் வணிக அளவிலான வடிவத்தில் 7.8 கனமீட்டர் கொள்ளளவுடைய நான்கு மீன்தொட்டிகள் இருந்தன. 214 சதுர மீட்டர் பரப்புடைய ஆறு நீர்ப்பாத்திகளில் மிதவைத் தட்டுகளின் துளைகளில் செடிகள் நடப்பட்டன. நான்கு தொட்டிகளிலும் வெவ்வேறு வயதுடைய மீன்கள் விடப்பட்டதால், ஆறு வாரங்களுக்கு ஒருமுறை ஒரு தொட்டி அறுவடைக்கு வந்தது. ஆண்டு மீன் விளைச்சல் நான்கு டன்னுக்கு மேல் கிட்டியது. கிரேக்க, இத்தாலியச் சமையலில் பயன்படும் திருநீற்றுப்பச்சிலை வகையும் லெட்டூஸ் கீரையும் முதன்மைப் பயிர்களாக அமைந்தன.

இவ்வாய்வின் தலையாய முடிவு ஓர் அளவுகோல். மிதவைப் பாத்தியின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் நாள்தோறும் 60 முதல் 100 கிராம் மீன்தீவனம் இடப்பட வேண்டும். அதாவது 214 சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 13 முதல் 21 கிலோ தீவனம். குறைந்த அளவிலேயே கணக்கிட்டாலும் ஆண்டுக்கு 4.5 டன்னுக்கு மேல். பயிரின் உரம் எங்கிருந்து வருகிறது என்னும் வினாவுக்கு இக்கணக்கே விடை தருகிறது. மீன் உரத்தைப் படைப்பதில்லை. விலைகொடுத்து வாங்கிய தீவனத்தை உரமாக மாற்றுகிறது. மேலும், தீவனம் மீனின் தேவைக்கேற்பச் செய்யப்படுவதால் பயிருக்கு வேண்டிய கால்சியமும் பொட்டாசியமும் இரும்பும் அதில் போதுவதில்லை. அவற்றை ரகோசி குழுவினர் தனியே சேர்த்தனர். ஆக, நீர் மட்டுமே உண்மையில் சுழல்கிறது. ஊட்டம் வெளியிலிருந்து உள்ளே வந்து, விளைபொருளாக வெளியேறுகிறது.

5. மூன்று உயிர்களின் உடன்பாடு

இம்முறையின் இடர்ப்பாடு அதன் இயல்பிலேயே உள்ளது. நைட்ரேட்டை உருவாக்கும் நுண்ணுயிர்கள் சற்றே காரத்தன்மையுள்ள நீரை விரும்புகின்றன. மண்ணில்லாப் பயிர்களோ சற்றே அமிலத்தன்மையுள்ள நீரில் செழிக்கின்றன. எனவே அமிலகார அளவு 7ஐ ஒட்டி நிறுத்தப்படுகிறது. அதில் எதற்கும் முழு நிறைவில்லை, எதற்கும் கேடில்லை. பயிரில் பூச்சி விழுந்தால் மருந்தடிக்க இயலாது, மீன் மடியும். மீனுக்கு நோய் வந்தால் நுண்ணுயிர்க்கொல்லி இடுவது அரிது. வடிகட்டியின் நுண்ணுயிர்கள் அழியும். மின்சாரம் தடைப்பட்டுக் காற்றூட்டி நின்றால் நெருக்கமாக வளரும் மீன்கள் சில மணிநேரத்தில் இறக்கக்கூடும். தனி மீன்பண்ணையோ தனிப் பசுமைக்குடிலோ ஒரு பிழையைத் தாங்கும். இணைந்த அமைப்பில் ஒன்றின் பிழை மற்றதன் இழப்பாகிறது.

6. வணிகக் காலம்

2000க்குப் பின் நகர்ப்புற உணவு பற்றிய ஆர்வம் பெருகியபோது அக்குவாபோனிக்ஸ் பசுமைக்குடில்கள் பல நாடுகளில் எழுந்தன. மில்வாக்கி நகரில் வில் ஆலன் 1993இல் தொடங்கிய பசுமைக்குடில் பண்ணையிலிருந்து வளர்ந்த குரோயிங் பவர் அமைப்பு, ஏழை மக்கள் வாழும் பகுதியில் மீனும் கீரையும் விளைவித்துப் புகழ்பெற்றது. ஆலனுக்கு 2008இல் மெக்கார்தர் நல்கை கிடைத்தது. ஆயினும் அவ்வமைப்பு 2017இல் கலைந்தது. நெதர்லாந்தின் ஹேக் நகரில் பழைய அலுவலகக் கட்டடத்தின் மேல்தளத்தில் 2016இல் திறக்கப்பட்ட பண்ணை 2018இல் நொடித்தது. மறுபுறம், 2017இல் விஸ்கான்சின் மாநிலத்தில் சால்மன் மீனையும் கீரையையும் இணைத்துத் தொடங்கப்பட்ட பெரும்பண்ணை பெருமுதலீட்டின் துணையால் வளர்ந்தது.

2015இல் டேவிட் லவ் குழுவினர் வெளியிட்ட பன்னாட்டுக் கணக்கெடுப்பு இந்நிலையைத் தெளிவாக்குகிறது. அதில் பங்கேற்ற 257 வணிக உற்பத்தியாளர்களுள் முந்தைய ஓராண்டில் இலாபம் கண்டவர்கள் 31 விழுக்காட்டினரே. மீன், காய்கறி ஆகியவற்றோடு பயிற்சி வகுப்பு, கருவிகள் முதலியவற்றையும் விற்றவர்களுக்கு இலாப வாய்ப்பு மிகுதியாக இருந்தது. இதன் உட்பொருள் கூர்ந்து நோக்கத்தக்கது. பண்ணையை நடத்தி ஈட்டுவதைவிட, பண்ணை நடத்தக் கற்பித்து ஈட்டுவது எளிதாயின், புதிதாக வருவோர் கேட்கும் வருவாய்க் கணக்கு ஐயத்துக்குரியதாகிறது. கடன்பெற்று இத்தொழிலில் இறங்கும் சிறு உழவரே அதன் சுமையைத் தாங்குபவர்.

முடிவுரை

அக்குவாபோனிக்ஸின் வரலாறு மூன்று கட்டங்களாகப் பிரிந்து நிற்கிறது. தன்னுணவை நாடிய இலட்சியவாதிகள் அதற்கொரு படிமத்தைத் தந்தனர். ஆய்வாளர்கள் அளவுகளைத் தந்தனர். வணிகம் அளவுகளைக் காட்டிலும் படிமத்தையே மிகுதியாக எடுத்தாண்டது. நீர்ச்சிக்கனத்தில் இம்முறையின் சிறப்பு மறுக்க இயலாதது. செயின்ட் குரோய் போன்ற வறண்ட தீவில் அது பிறந்து வளர்ந்தது தற்செயலன்று. அதே ஆய்வு தீவனம், மின்சாரம், கனிம ஊட்டம் ஆகியவற்றின் செலவையும் மறைக்காமல் பதிவு செய்துள்ளது. நீர் அரிதாகவும் புத்தம்புதிய கீரைக்கு நல்ல விலையும் உள்ள இடத்தில், மீனை உரம் தரும் துணையாகவும் காய்கறியை முதன்மை வருவாயாகவும் கொள்ளும் பண்ணைக்கு இம்முறை பொருந்துகிறது. ஹோக்லண்டும் ஆர்னனும் 1938இல் ஹைட்ரோபோனிக்ஸ் பற்றி விடுத்த எச்சரிக்கை அக்குவாபோனிக்ஸுக்கும் பொருந்துவதாகும்.