உடைமையும் இசைவும்: தேசவழமையிற் பெண்ணின் காணி

ஒரு பொருள் ஒருவருக்கு உரியதாதல் வேறு. அதனை விரும்பியவாறு கையாளும் அனுமதி அவருக்கு இருத்தல் வேறு. இவ்வேறுபாட்டை யாழ்ப்பாணத்தார் கணினி வழியாக அறியவேண்டியிருக்கவில்லை. அவர்தம் காணி உறுதிகளே அதனைக் கற்பித்துவிட்டன.

ஒல்லாந்தத் தேசாதிபதி சைமன்ஸின் பணிப்பின்பேரில், திசாவை கிளாஸ் ஈசாக்ஸ் யாழ்ப்பாணத்து வழக்கங்களைத் திரட்டி 1707 சனவரியில் தொகுத்தளித்தார். தமிழில் மொழிபெயர்க்கப்பட்ட அத்தொகுப்பை 12 முதலியார்கள் பார்வையிட்டு உடன்பட்டனர். ஆங்கிலேயர் 1806இல் அதற்குச் சட்டவலு அளித்தனர். முதுசம், சீதனம், தேடியதேட்டம் எனச் சொத்தினைப் பகுக்கும் இவ்வழமையிலே, சீதனம் மனைவியின் தனியுடைமை. தாய்வழி மகளுக்குச் சொத்துச் செல்லும் இம்முறையை எச். டபிள்யு. தம்பையா மலையாள நாட்டு மருமக்கட்டாயத்தோடு தொடர்புபடுத்தி நோக்கினார்.

1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமை, வழியுரிமைக் கட்டளைச் சட்டமும் அத்தனியுடைமையை ஏற்றது. எனினும் மனைவி தன் அசையாச் சொத்தைக் கைமாற்றுவதற்குக் கணவனின் எழுத்துமூல இசைவு வேண்டுமென அது விதித்தது. கொழும்புத்துறையிலே கடல்நீரேரியை அண்டி ஒருத்திக்குச் சீதனமாகக் கிடைத்த பனங்காணியொன்றை எண்ணிப் பார்க்கலாம். உறுதி அவள் பெயரில். வரி அவள் பெயரில். ஆயின், விற்கவோ ஈடுவைக்கவோ கணவன் கையொப்பம் வேண்டும். விந்தை யாதெனில், அதே காணியை மரணசாசனத்தால் எவருக்கும் எழுதிவைக்க அவனிசைவு வேண்டியதில்லை. இறந்தபின் செல்லும் அவளது விருப்பம் வாழும்போது செல்லவில்லை!

யூனிக்ஸ் மரபில் வந்த லினக்ஸ் இயங்குதளத்தின் ஒழுங்கு இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. அங்கு ஒவ்வொரு கோப்புக்கும் உடையவர் ஒருவர், குழு ஒன்று, ஏனையோர் என மூன்று தரத்தார் உளர். உடையவர் பிறர் வாசிக்கவும் எழுதவும் தாமே அனுமதி வழங்கலாம். ஆனால் கோப்பின் உடைமையையே இன்னொருவருக்கு மாற்ற அவரால் இயலாது. அது ‘ரூட்’ எனப்படும் தலைமைப் பயனருக்கே உரிய அதிகாரம். சிஸ்டம் ஐந்து யூனிக்ஸ் உடையவருக்கு அவ்வுரிமையை அளித்திருந்தது. பெர்க்லி மரபினரோ, தம் கோப்பைப் பிறர் பெயரில் மாற்றி வட்டில் இட ஒதுக்கீட்டை ஏய்ப்பரென அஞ்சி மறுத்தனர். மறுப்புக்கு அங்கு ஒரு காரணமேனும் இருந்தது.

தேசவழமையில் ரூட்டின் இடத்தை மாவட்ட நீதிமன்றம் வகித்தது. கணவன் மனைவியைக் கைவிட்டாலோ, இரண்டாண்டுக்கு மேற்பட்ட சிறைத்தண்டனைக்கு உள்ளானாலோ, சித்தம் பிறழ்ந்தாலோ, இருப்பிடம் அறியப்படாவிடினோ, நியாயமின்றி இசைவை மறுத்தாலோ, மனைவி மன்றுக்கு மனுச்செய்து அனுமதி பெறலாமென அச்சட்டம் வழிவகுத்தது. மன்று வழங்குவது அனுமதியே. உடைமை ஏலவே அவளுடையது.

இருப்பிடம் அறியப்படாமை என்னும் சொற்றொடர் 1911இற் பெரும்பாலும் கடல்கடந்து சென்று தொடர்பற்றுப்போனவரையே நினைவூட்டியிருக்கும். 1983 முதல் 2009 வரையான போரின்பின் அது காணாமலாக்கப்பட்டோரின் மனைவியரைக் குறிப்பதாயிற்று. கணவன் இறந்தான் என ஒப்ப மனமில்லாதவள், காணியை ஈடுவைத்துப் பிள்ளையைப் படிப்பிக்க விரும்பின், அவன் இருப்பிடம் அறியேன் என மன்றிற் சொல்லவேண்டியவளானாள். இலங்கையின் ஏனைய மணமான பெண்களுட் பெரும்பாலோரை இத்தளையினின்று விடுவித்த 1923ஆம் ஆண்டின் மணமான பெண்கள் சொத்துக் கட்டளைச் சட்டம், தேசவழமைக்குட்பட்ட தமிழரை வெளிப்படையாகவே விலக்கிவைத்திருந்தது.