போடி ஏலக்காயும் போட்டித்திறனின் அளவுகோலும்

ஏலமலைச் சரிவுகளின் காய் 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியிலும் திருவிதாங்கூர் அரசின் தனியுரிமைச் சரக்காக இருந்து, ஆலப்புழையில் விற்பனையானது. அந்தத் தனியுரிமை நீங்கி மலை குத்தகைக்கு விடப்பட்டபின், கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மேலேறிய தமிழர் பலர் தோட்டக்காரர்களாயினர். போடிமெட்டு வழியாக இறங்கிய காயை வாங்கி, தரம் பிரித்து, வடநாட்டுக்கு அனுப்பும் சந்தையாக அடிவாரத்துப் போடிநாயக்கனூர் வளர்ந்தது. 1956இன் மாநில எல்லை வரையறையில் தோட்டங்களில் பெரும்பாலானவை கேரளத்திலும், சந்தையும் கூலியாட்களில் ஒரு பெரும்பகுதியினரும் தமிழ்நாட்டிலும் அமைந்ததால், இத்தொழிலை எந்த ஒரு மாநிலத்தின் கணக்கிலும் முழுமையாகக் காண இயலாது.

போட்டித்திறன் என்பதைச் சந்தை முதலில் காயிலேயே அளந்தது. உலர்ந்த காயைச் சல்லடையில் சலித்து, வெடித்ததையும் நிறம் மங்கியதையும் பெண்கள் கையால் பொறுக்கி நீக்கியபின், ஒரு லிட்டர் கொள்ளும் படியில் நிரப்பி நிறுக்கும் எடை, அதாவது லிட்டர் எடை, விலையைத் தீர்மானித்தது. அக்மார்க் விதியில் முதல் தரக் காய்க்கு 7 மில்லிமீட்டர் பருமனும் 435 கிராம் லிட்டர் எடையும் வேண்டும்.

நாடுகளை அளக்கும் கோல் வேறு. 1965இல் பொருளியலாளர் பேலா பலாசா வகுத்த குறியீடு, ஒரு நாட்டின் மொத்த ஏற்றுமதியில் ஒரு சரக்கு பெறும் பங்கை, உலக ஏற்றுமதியில் அதே சரக்கு பெறும் பங்கால் வகுக்கிறது. ஈவு ஒன்றுக்கு மேற்பட்டால் அந்நாட்டுக்கு அச்சரக்கில் ஒப்பீட்டுச் சாதகம் உண்டு என்பது பொருள். 1914 வாக்கில் ஏலச்செடி சென்று சேர்ந்த குவாத்தமாலா, 1980களுக்குள் ஏலக்காய் சேர்த்த காபியான ‘காவா’ அருந்தும் அரபு நாடுகளின் சந்தையில் இந்தியாவை முந்திவிட்டதால், இக்கோலின்படி அந்நாடு சிகரத்திலும் இந்தியா வெகு கீழேயும் நிற்கின்றன. ஆனால் குவாத்தமாலா மக்கள் ஏலக்காயை மிகச் சிறிதளவே உண்கின்றனர். இந்தியாவோ தன் விளைச்சலில் பெரும்பகுதியைத் தானே உண்கிறது. துறைமுகம் கடக்காத காயைக் காணாத இக்குறியீட்டைக் கொண்டு மட்டும் போடியின் வணிகம் தோற்றது என்று முடிவுகட்டுவது பெரும்பிழை.

உள்நாட்டுத் தேவையின் பின்பலத்தில், இடுக்கி விவசாயி ஒருவர் தேர்ந்தெடுத்த ஞள்ளானி ரகம் 1990களில் பரவி, ஹெக்டேர் விளைச்சலைப் பன்மடங்கு உயர்த்தியது. 2007இல் நறுமணப் பொருள் வாரியம் போடியில் மின்னணு ஏலத்தைத் தொடங்கியபின், அன்றைய வரத்தும் சராசரி விலையும் உச்ச விலையும் மலைமேலுள்ள சிறு விவசாயிக்கும் அன்றே தெரியலாயின. இது உண்மையான முன்னேற்றம். எனினும் கூடுதல் விளைச்சல் தரும் செடிக்கு உரமும் மருந்தும் கூடுதலாக வேண்டியிருந்தன. அண்மை ஆண்டுகளில் சவூதி அரேபியா இந்தியக் காயை மறுத்தது, காயில் தங்கிய பூச்சிமருந்து எச்சத்தின் பொருட்டே. சல்லடையும் படியும் அந்த எச்சத்தைக் காட்டுவதில்லை. நாள்தோறும் ஜீப்புகளில் மலையேறிக் காய் எடுத்து, மருந்து தெளித்த செடிகளுக்கிடையே வேலைசெய்யும் பெண்களின் கூலியையும் உடல்நலத்தையும் ஏலப்பட்டியலோ பலாசாவின் குறியீடோ கணக்கில் கொள்வதில்லை.