ஆக்சிசன் குறைந்த இதயத்தசைப் படிமவியல்

ஆக்சிசன் குறைந்த இதயத்தசைப் படிமவியல் என்பது, இதயத் தமனி அடைபட்ட பின் எத்தசை ஆக்சிசன் இன்றித் தவிக்கிறது, எது இறந்துவிட்டது என்பதைக் கதிரியக்கச் சுவடுப்பொருள்கள் கொண்டு பிரித்தறியும் அணு மருத்துவ முறையாகும். தவிக்கும் தசை குருதி கிடைத்தால் மீளக்கூடும், இறந்தது தழும்பாகிவிடும். தமனியைத் திறப்பதால் எவ்வளவு பயன் என்பதை மதிப்பிட இவ்வேறுபாடு உதவுகிறது.

செயற்படும் விதம்

ஆக்சிசன் குறைவை நேரடியாகக் காட்டுவது புளோரின்-18 கொண்ட புளோரோமிசோனிடசோல். உயிரணுவுக்குள் நுழையும் இதன் மூலக்கூறு, அங்குள்ள நொதிகளின் செயலால் ஓர் எதிர்மின்னியைப் பெறுகிறது. ஆக்சிசன் இருந்தால் அது அந்த எதிர்மின்னியைப் பறித்துக்கொள்ளும். மூலக்கூறு பழைய நிலையடைந்து வெளியேறிவிடும். ஆக்சிசன் இல்லையெனில் உள்ளேயே பிணைந்துவிடும். இறந்த உயிரணுவில் நொதிகள் இயங்காததால் அங்கும் தங்காது. 1990 இல் செயின்ட் லூயிசு நகரின் வாசிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தமனி அடைக்கப்பட்ட நாய்களின் இதயத்தில் இதனைப் படமெடுத்துக் காட்டினர். எனினும் குருதியிலிருந்து இது மெதுவாகவே நீங்குவதால் படம் தெளிவாக அமைவதில்லை. இதய மருத்துவத்தில் இது அன்றாடப் பயன்பாட்டுக்கு வரவில்லை.

நடைமுறையில் மறைமுக வழியே கையாளப்படுகிறது. டெக்னீசியம்-99எம் செசுடமிபி குருதியோட்டத்தைக் காட்டும். புளோரின்-18 ஏற்றிய குளுக்கோசு (எஃப்டிஜி) தசையின் சர்க்கரை ஏற்பைக் காட்டும். ஆக்சிசன் குறைந்த தசை கொழுப்பமிலத்தை விட்டுக் குளுக்கோசை நாடும். ஆகவே குருதியோட்டம் குறைந்தும் குளுக்கோசு ஏற்பு குறையாத பகுதி உயிருடன் உள்ளது எனக் கொள்ளப்படும்.

தொலைவும் அரைவாழ்வுக் காலமும்

சென்னையிலிருந்து தென்காசி 600 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவில் உள்ளது. பயணம் 12 மணி நேரம் எனக் கொள்வோம். அரைவாழ்வுக் காலம் சுமார் 6 மணி நேரமுள்ள டெக்னீசியம் கால் பங்காகவும், 110 நிமிடமுள்ள புளோரின்-18 ஏறத்தாழ நூறில் ஒரு பங்காகவும் குறைந்துவிடும். டெக்னீசியத்திற்கு மாற்று வழி உண்டு. அதன் தாய்த் தனிமமான மாலிப்டினம்-99 இன் அரைவாழ்வு 66 மணி நேரம். அதை அடக்கிய பிறப்பாக்கிகளை நவி மும்பையிலுள்ள கதிர்வீச்சு மற்றும் ஐசோடோப்புத் தொழில்நுட்ப வாரியம் (பிரிட்) வழங்குகிறது. மருத்துவமனையில் உப்புநீர் செலுத்தித் தேவைப்படும்போது டெக்னீசியத்தைக் 'கறந்து' கொள்ளலாம். எஃப்டிஜிக்கு இவ்வசதி இல்லை. சைக்ளோட்ரான் சில மணி நேரத் தொலைவுக்குள் இருந்தாக வேண்டும்.

அவசர நிலையில்

குற்றாலத்தில் அருவிக்கு வந்த ஒருவருக்கு மாரடைப்பு ஏற்பட்டால், இப்படத்தைத் தேடி நகருக்குச் செல்வது ஆபத்தான காலவிரயம். அருகிலுள்ள மருத்துவமனையில் இசிஜி எடுத்து அடைப்பை நீக்கும் சிகிச்சையைத் தொடங்குவதே முதற்பணி. செசுடமிபி வசதியுள்ள மருத்துவமனைகளிலும் படத்திற்காகச் சிகிச்சை காத்திருக்க வேண்டியதில்லை. தமனியைத் திறக்குமுன் செலுத்தப்பட்ட செசுடமிபி தசையணுவின் இழைமணிகளில் தங்கிவிடும். சில மணி நேரம் கழித்துப் படமெடுத்தாலும், செலுத்திய நேரத்துக் குருதியோட்டமே தெரியும். சில நாட்களுக்குப் பின் மீண்டும் செலுத்தி எடுத்த படத்துடன் ஒப்பிட்டு, சிகிச்சையால் எவ்வளவு தசை காப்பாற்றப்பட்டது என ஆய்வுகளில் அளந்துள்ளனர்.