வர்ணத்தின்மேல் வர்ணம்

கிளிநொச்சியின் அக்கராயன் குளத்தை அண்டிய குடியிருப்புகளில் மண்சுவரும் கிடுகுக் கூரையுமாக வீடுகள் இருந்த காலத்தில், புற்றுமண்ணும் சாணகமும் குழைத்துத் தரை மெழுகிய பெண்கள், ஈரத்தின் பதம் பார்த்துக் கைபோன போக்கில் இழுத்துச் சென்ற விரற்சுவடுகள், பழைய மெழுக்கின்மேல் புதியதாகப் படிந்து கிடந்த அழகைக் கண்டவர்களுக்கு, உருவமற்ற சித்திரம் நமக்கு அந்நியமானது என்ற வாதம் எளிதில் உடன்பாடாகாது. முன்திட்டமின்றி வர்ணத்தின்மேல் வர்ணம் இடும் மார்க்கம் நவீன சித்திரத்தில் எவ்வாறு வேரூன்றியது என்பதை விசாரிக்கப் புகுந்தால், சென்னையின் சரித்திரத்தையே முதலில் புரட்ட வேண்டியிருக்கிறது.

1850இல் அலெக்சாந்தர் ஹன்ரர் என்ற வைத்தியர் ஸ்தாபித்த சென்னைக் கலைப்பள்ளி, ஆதியில் கைத்தொழில் பயிற்சியையே பிரதானமாகக் கொண்டிருந்து, ஒரு நூற்றாண்டின் பின்னர் கே. சி. எஸ். பணிக்கர் அதிபராயிருந்த காலத்தில், இந்திய மரபிலிருந்தே நவீனத்தைக் கண்டெடுக்கும் சோதனைக் களமாயிற்று. துறையூரை அடுத்த கீராம்பூரில் 1938இல் பிறந்த கே. எம். ஆதிமூலம், சிற்பி தனபாலின் ஆதரவைப் பெற்று, அறுபதுகளில் அங்கே பயின்று தேறினார். காந்தி நூற்றாண்டாகிய 1969இல் அவர் காந்தியடிகளைக் கோடுகளாலேயே நூறு சித்திரங்களாக வரைந்தார். அந்தக் கோடு பின்னர் சிற்றேடுகளின் வழியே தமிழ் வாசகர் பலருக்குப் பரிச்சயமாயிற்று. இத்தகைய அப்பியாசம் கைவந்த பின்னரே அவர் உருவத்தை விட்டு, தைலவர்ணத்தை அடுக்கடுக்காகப் பரப்பும் நிலவெளிகளுக்கு வந்து சேர்ந்தார் என்பதை, அரூப சித்திரத்தை வரையத் தெரியாதவரின் புகலிடம் என்று இகழ்வோர் நினைவிற்கொள்வது நலம்.

பொதுப்பணித்துறையில் பொறியியலாளராக உத்தியோகம் பார்த்தபடியே சித்திரம் தீட்டிய அச்சுதன் கூடல்லூரோ முன்வரைபடம் எதையும் வேண்டாதவர். முதலில் விழுந்த வர்ணமே அடுத்ததைக் கேட்கும். அடுத்தது முன்னதை மறைக்கும், அல்லது ஓரத்தில் எட்டிப்பார்க்க விடும். தைலவர்ணம் உலர நாட்கள் செல்லுமாதலால், ஒவ்வொரு படிவுக்குமிடையே சித்திரகாரன் காத்திருக்கவும், ஒவ்வாததைச் சுரண்டியெடுக்கவும், எண்ணியதையே கைவிடவும் நேர்கிறது. இதை நான் தற்செயல் என்று கொள்ளேன். கண்ணின் தீர்ப்பு கணந்தோறும் நிகழும் கடுமையான சாதனை என்றே மதிக்கிறேன். கொழும்பில் 1943இல் கூடிய ‘43 குழு’ என்ற சித்திரகாரர் அணியைச் சேர்ந்த நம் நாட்டவர் ஜோர்ஜ் கிளாசனும் அரூபத்தை நாடினார் என்பதும் மறக்கத்தக்கதன்று.

ஆதிமூலம் 2008இலும் அச்சுதன் 2022இலும் காலமாயினர். இனி அவர்களுடைய சித்திரங்களே நமக்கு எஞ்சியுள்ளன; ஆனால் அச்சுப் பிரதியில் வர்ணத்தின் தடிப்பு தட்டையாகிவிடும். கீழ்ப்படிவு மேற்படிவினூடே மூச்சுவிடுவது அதில் தெரியாது. ஆகையால், இவர்களுடைய மூலச் சித்திரங்கள் ஒரு சிலவேனும் கிளிநொச்சிக்குக் கொண்டுவரப்பட்டு, வன்னிப் பிள்ளைகள் அருகில் நின்று பார்க்கும்படி காட்சிக்கு வைக்கப்பட வேண்டும்.