வாயுக்களின் வெப்பக் கடத்துத்திறன்: உயர் வெப்பநிலை அளவீடு

ஒரு வாயு தன்னூடே வெப்பத்தை எந்த அளவுக்குக் கடத்துகிறது என்பதைச் சொல்லும் எண்ணே அதன் வெப்பக் கடத்துத்திறன். அறை வெப்பநிலையில் காற்றுக்கு இது மீட்டர்-கெல்வினுக்குச் சுமார் 0.026 வாட், 1000 கெல்வினில் ஏறத்தாழ 0.067 வாட். பீங்கான் நகரமான விருத்தாசலத்தின் சூளைகளுக்கும் இந்த எண் வேண்டும். சூளைச் சுவரிலுள்ள வெப்பக்காப்புச் செங்கலின் நுண்துளைகளில் அடைபட்ட காற்றுதான் வெப்பம் வெளியேறாமல் தடுக்கிறது.

இதை அளப்பது எளிதன்று. வாயுவில் கடத்தல், சலனம், கதிர்வீச்சு மூன்றும் ஒருங்கே நடக்கின்றன. கடத்தலை மட்டும் பிரித்தறிய வேண்டும்.

1872-இல் வியன்னாவில் யோசெப் ஸ்டெஃபான், ஒன்றினுள் ஒன்றாக வைத்த இரு செப்புக் கலங்களின் குறுகிய இடைவெளியில் காற்றை நிரப்பி, உள்கலம் ஆறும் வேகத்தைக் கணித்தார். மாக்ஸ்வெல்லின் வாயு இயக்கவியல் கொள்கை சொன்னதற்கு நெருக்கமான விடை கிடைத்தது. கதிர்வீச்சு வெப்பநிலையின் நான்காம் படிக்கு ஏற்ப வளர்கிறது என்பதை 1879-இல் கண்டவரும் அவரே. உயர் வெப்பநிலை அளவீட்டுக்குப் பெருந்தடையானது அந்தக் கதிர்வீச்சுதான்.

1888-இல் இயற்பியலாளர் ஷ்லையர்மாகர் குழாயின் நடுவே மெல்லிய கம்பியை இழுத்துக் கட்டி, மின்சாரத்தால் சூடேற்றினார். கம்பியின் மின்தடையே வெப்பமானி. செலவாகும் மின்திறனே வெப்ப இழப்பின் அளவு. வாயுவின் அழுத்தத்தைக் குறைத்தால் சலனம் அடங்கும். ஆனால் மிகவும் குறைத்தால், கம்பியைத் தொடும் வாயு கம்பியின் வெப்பநிலையை எட்டாது; இதை 1898-இல் ஸ்மொலுசோவ்ஸ்கி ஆராய்ந்து காட்டினார்.

கதிர்வீச்சைக் கழிக்கும் வழி எளிமையானது. முதலில் வெற்றிடத்திலும் பிறகு வாயுவிலும் கம்பியை அதே வெப்பநிலையில் வைத்து, இரு மின்திறன்களின் வேறுபாட்டைக் கணக்கிட வேண்டும். 1960-இல் பிளேஸ், மான் இருவரும் நீண்ட குழாயில் சூடான கம்பியைக் கொண்டு ஹீலியத்தையும் ஹைட்ரஜனையும் 2000 கெல்வின் அளவில் அளந்தனர்.

இந்தியாவின் பங்கும் பெரிது. 1950-களில் கொல்கத்தாவின் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் பி. என். ஸ்ரீவாஸ்தவாவும் எஸ். சி. சக்சேனாவும் அரிய வாயுக் கலவைகளை அளந்தனர். பின்னர் சக்சேனா ஜெய்ப்பூரில் இப்பணியைத் தொடர்ந்தார். பல ஆய்வகங்களின் அளவுகளைச் சீர்தூக்கி 1970-இல் வெளிவந்த, அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத் தொகுப்பின் ஆசிரியர் மூவரில் அவரும் ஒருவர்.

இனி சூளைச் செங்கலுக்குத் திரும்புவோம். ஹைட்ரஜன் காற்றைவிட ஏறத்தாழ ஏழு மடங்கு வெப்பம் கடத்துவதால், அந்த வாயு நிரம்பிய உலையில் அதே செங்கலின் காப்பு வெகுவாகக் குறையும். காற்றுச் சூளையிலோ, வெப்பம் ஏற ஏறத் துளைகளைக் கடக்கும் கதிர்வீச்சு விரைந்து வளர்கிறது. ஆகவே உயர் வெப்பச் சூளைக்குப் பெருந்துளைச் செங்கலைவிடச் சிறுதுளைகள் நிறைந்த செங்கலே ஏற்றது.