ஆரணி: பட்டுக்கு முன்னாடி சேறு

ஆரணின்னா பட்டுப்புடவை, விட்டா ஆரணி அரிசி. அதைத் தாண்டி ஊரைப் பத்தி யாரும் பேசிக் கேட்டதில்லை. ஆனா கும்பினியாரோட கதையில ஒரு பெரிய திருப்பம் இந்த ஊர் வயக்காட்டுலதான் நடந்திருக்கு மக்களே.

1751ல ஆற்காட்டுக் கோட்டைக்குள்ள இருந்த ராபர்ட் கிளைவை 50 நாள் முற்றுகையிட்டும் அசைக்க முடியாமல், சந்தா சாகிப்போட மகன் ரஜா சாகிப் நவம்பர்ல பின்வாங்கினார். கிளைவ் விடலை. முராரி ராவின் மராட்டியக் குதிரைப்படையைத் துணைக்குச் சேர்த்துக்கிட்டு துரத்தினார். டிசம்பர் 3, ஆரணிக்குப் பக்கத்துல மோதல். ரஜா சாகிப்புக்கு ஆள்பலம் பல மடங்கு அதிகம், பிரெஞ்சுக்காரங்க வேற கூட.

ஆனா ரெண்டு படைக்கும் நடுவுல தண்ணி நிக்கிற நெல்வயல். பீரங்கியை இழுத்துப் போக ஒரே ஒரு மேட்டுப்பாதை. அதுமேல வந்தவங்களை கிளைவோட பீரங்கிகள் பக்கவாட்டுல அடிக்க, சிப்பாய்கள் பாதையை விட்டு வயல்ல இறங்கிட்டாங்க. சேத்துல அணிவகுப்பாவது ஒண்ணாவது! படை கலைஞ்சது. அப்புறம் எதிர்த்தரப்புச் சிப்பாய்கள் சுமார் 600 பேர் கிளைவ்கிட்டயே வேலைக்குச் சேர்ந்தாங்களாம். புத்தகங்கள் எல்லாம் கிளைவோட வீரம்னு எழுதுது. என்னைக் கேட்டா பாதிப் பெருமை அந்தச் சேத்துக்குத்தான் :-)

1782 ஜூன் 2ல ஹைதர் அலிக்கும் அயர் கூட்டுக்கும் இங்கேயே இன்னொரு சண்டை. ஹைதரோட தளவாடங்கள் ஆரணிக் கோட்டையில இருந்துச்சு. யாருக்கும் பெரிசா வெற்றியில்லை. மராட்டிய ஜாகீர்தார்கள் ஆண்ட கதை தனி. அவங்க அரண்மனை பக்கத்துல சத்தியவிஜயநகரத்துல இருக்கு.

அந்த வயல்களுக்குத் தண்ணி கொடுத்தது கமண்டல நாகநதி. ஜவ்வாது மலையிலேர்ந்து வந்து செய்யாற்றுல சேரும். ஜமதக்னி முனிவரோட கமண்டலத் தண்ணிதான் ஆறாச்சுன்னு படவேடு பக்கம் சொல்லுவாங்க. ஆறு அணி செய்த ஊர், அதனால ஆரணின்னும் ஒரு விளக்கம். நெல்லு மட்டுமில்ல, பட்டு நூலை அலசிச் சாயம் ஏத்தவும் தண்ணி வேணும்.

அந்த ஆறு வருஷத்துல பல மாசம் வெறும் மணல். மேல, வேலூர்ப் பக்கம் வறண்டு போன நாகநதியை மீட்க, ஆயிரக்கணக்கான பெண்கள் 100 நாள் வேலைத் திட்டத்துல உறிஞ்சு கிணறுகள் வெட்டினாங்க. 2021ல பிரதமர் வானொலியில பேசினதும் இதைப் பத்தித்தான். அங்கே நிலத்தடி நீர் ஏறியிருக்கு. ஆரணிக்காரங்க யாராவது இருந்தா, கீழே உங்க பக்கம் கிணத்துல எத்தனை அடியில தண்ணி நிக்குதுன்னு சொல்லுங்களேன்.